முழங்கால் ஆழக் குளம்

மே மாதம் பதினைந்தாம் தேதி சோஃபியா நாள். அதற்கு முந்தைய மூன்று நாட்களும் பனிப் புனிதர்கள் மூவருக்கு உரியவை. கடைசி உறைபனியைக் கொண்டுவரும் அந்த நால்வரும் தாண்டிப் போகும்வரை, ஊர் ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலமாக இருக்கும் எங்கள் ஹூர்கா தோட்டக் காலனியில் ஒரு தக்காளி நாற்றுகூட வெளியே தலைகாட்டாது. தாண்டிய மறுநாள் பார்க்க வேண்டும், நான்காம் எண் டிராமில் பாதிப்பேர் மடியில் நாற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து டாக்மர் மட்டும் மீனோடு உட்கார்ந்திருப்பாள்.

மூடி போட்ட இரண்டு வாளிகள். பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஊறுகாய் வெள்ளரி வரும் வாளிகள் அவை. எத்தனை முறை கழுவினாலும் மூடியைத் திறந்தால் காடி வாசனை வரும். டிராம் பணிமனையில் முப்பத்தெட்டு வருஷம் பிரேக் மாட்டியவன் நான். அந்த வண்டி கடைசி வளைவில் என்ன குலுக்குக் குலுக்கும் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். வளைவு வருவதற்கு முன்பே எழுந்து, இரண்டு வாளிகளையும் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வளைவு முடிந்ததும் இறக்கி வைப்பாள். அறுபத்தோரு வயதுக்காரி. ஐந்தரை மணிக்கு எழுந்து நானூறு பிள்ளைகளுக்கு மாவு உருண்டை அவித்துப் போட்டுவிட்டு வருகிறவள்.

"என்னம்மா, இந்த வருஷமும் விருந்தாளிங்களக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று வாசலில் நின்று நான் கேட்பேன்.

"வந்துட்டேன். நீ பல்லக் காட்டிட்டு நிக்காம ஒரு வாளியப் புடி, இவோ."

இதுதான் சில வருஷமாக எங்களுடைய கோடை தொடங்கும் விதம். அவள் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே இருப்பது இடுப்பளவு வேலி, அதுவும் பாதி இடத்தில் இல்லை.

குளத்தை வெட்டியவன் அவள் புருஷன் ஹினெக். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன். அவர்களுடைய மகள் பிறந்த வருஷம் வெட்டினான். அந்த மகள் இப்போது ஜெர்மனியில் நர்சாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். குளம் முழங்கால் ஆழம்தான். ஆழமாக வெட்டினால் அடியில் சூடு ஏறாது என்பது ஹினெக்கின் கணக்கு. அடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு, தெற்கு வெயில் நேராக விழும்படி ஓரத்தில் ஒரு மரமும் இல்லை. ஜூனில் இருபத்திரண்டு டிகிரி, ஜூலையில் இருபத்தாறு. ஆழம் இல்லாத தண்ணீர் சட்டென்று சூடாகும், சட்டென்று குளிர்ந்தும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்களுக்கு அமேகா என்று பெயர். மெக்சிகோவில் ஏதோ ஒரே ஒரு ஆற்று மீனாம். அங்கேயே அரிதாகிவிட்டது என்று ஹினெக் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். விரல் நீளம். குட்டி போடும் ஜாதி. தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரோரக் கண்ணாடித் தொட்டிகளில் கிடந்து, நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைப் போல வெளுத்துப் போயிருக்கும். குளத்தில் விட்டு இரண்டு வாரம் ஆகட்டும், ஆண் மீனின் வால் ஓரத்தில் மஞ்சள் பட்டை ஏறி, உடம்பெல்லாம் மினுமினுக்கும். பாசியையும் கொசுப் புழுவையும் தின்று கொழுக்கும். அறுபது மீன் போனால் செப்டம்பரில் முந்நூறு திரும்பி வரும். மீனுக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை எல்லாம் டாக்மருக்கு.

குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும், நேராக ஊற்றக் கூடாது. காலையில் தொட்டியில் பிடித்து வெயிலில் வைத்து மாலையில் ஊற்ற வேண்டும். நூல் பாசியைக் குச்சியில் சுற்றி எடுக்க வேண்டும். நாரை வராமல் வலை கட்ட வேண்டும். வலையில் சிக்கிய குருவியை விடுவிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்ற காலோடு வந்து இத்தனையும் செய்வாள். முன்பெல்லாம் ஹினெக் செய்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஜூன் மாதத்தில் செர்ரிப் பழம் பறிக்க ஏணியில் ஏறி விழுந்தான். இடுப்பு எலும்பு போனது. இரண்டு முறை அறுத்தார்கள், கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். அவர்களுடைய வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மேலே ஏற்றப்பட்டவன், மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தவிர கீழே இறங்கவில்லை. குளத்தைக் கண்ணால் பார்க்கவும் இல்லை.

பார்க்காவிட்டால் என்ன, போன் இருக்கிறதே. தினமும் நான்கரை மணிக்கு அடிக்கும். அவள் பாசிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுப்பாள்.

"தண்ணி எத்தனை?"

"இருபத்தி நாலு."

"மேலயா, அடியிலயா?"

"மேல."

"அடியில பாரு. குட்டி போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"எத்தனை?"

"ஹினெக், அதுங்க வரிசையில நிக்கலடா."

அவன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவான். முப்பத்தொரு வருஷ நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. எந்த வருஷம் எந்தத் தேதியில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டால் சொல்வான். என் கல்யாண நாள் எனக்கு ஞாபகம் இருப்பதில்லை, அது வேறு விஷயம்.

ஜூலையில் ஒரு நாள் அவள் குளத்தின் கரைக் கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் மாவு பிசைந்து அப்பியதுபோல் வீங்கியிருந்தன. மீன்கள் வந்து கால் விரலைக் கொத்தின. நான் வேலியில் சாய்ந்துகொண்டு பியர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இவோ, நான் ஒரு கோடையாவது சும்மா உக்காந்து பாத்ததே இல்ல தெரியுமா?"

"இப்ப உக்காந்துதான இருக்க."

"இதுவா? ஆறு நிமிஷம். அதுக்குள்ள தொட்டித் தண்ணி ஊத்தணும்."

"அப்ப குடுத்துத் தொலையேன் யாருக்காவது."

"யாருக்கு? ஹினெக்கோட மீன் சங்கத்துல இருந்தவங்கள்ல பாதிப்பேர் கல்லறையில இருக்காங்க. மீதிப்பேருக்குக் கண்ணு தெரியல." காலை எடுத்துத் துடைத்தாள். "அதுவும் இல்லாம அவனுக்கு இத விட்டா என்ன இருக்கு சொல்லு. ஜன்னல், டிவி, இந்த மீனு. இதயும் எடுத்துட்டா அவன் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பான்."

"அவன்கிட்ட கேட்டுப் பாத்தியா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நாலரைக்குப் போன் அடிக்கும்போது அவன் குரல் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது."

ஆகஸ்டில் ஹினெக்கின் பிறந்த நாள். நான் நான்கு மாடியும் மூச்சு வாங்க ஏறி, வாசலில் ஷூவைக் கழற்றி, விருந்தாளிக்கு என்று வைத்திருக்கும் கிழிந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். டாக்மர் கேக் வெட்டச் சமையலறைக்குப் போனதும் அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"டேய், அவ ரொம்ப இளைச்சுட்டா இல்ல?"

"இளைக்காம? உன் மீனுக்கு ஆயா வேலை பாத்தா எவளும் இளைப்பா."

"நிறுத்திடலாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சுடா. பத்துத் தடவ வந்துச்சு." ஊன்றுகோலைத் தடவிக்கொண்டே இருந்தான். "ஆனா அந்தக் குளத்துக்குப் போயிட்டு வந்தாத்தான் அவ மூஞ்சியில கொஞ்சம் வெளிச்சமே இருக்கு. இங்க வந்தா என்ன? நான்தான். அதயும் புடுங்கிட்டா நல்லா இருக்குமா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஆள் முப்பத்தொரு வருஷமாகத் தண்ணீரின் சூட்டை அளந்தான், கூட இருக்கிறவளின் முகத்தில் இருப்பது வெளிச்சமா வெயில் பட்ட சிவப்பா என்று பார்க்கத் தெரியவில்லை. "நீயே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான" என்றேன். அதற்குள் கேக் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் மனைவி மிலுஷ்காவிடம் புலம்பினேன். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல மூக்க நீட்டாத" என்றாள். நானும் நீட்டவில்லை. அன்றைக்கே நீட்டியிருக்க வேண்டும்.

மே மாதம் எப்படி சோஃபியா நாளோ, அப்படிச் செப்டம்பரில் வாட்ஸ்லாவ் நாள். இருபத்தெட்டாம் தேதி. அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் காலனியில் கூட்டு வேலை நாள். தலைவர் குபாத் நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார். இலை கூட்டுவோம், வேலி அடிப்போம், குளிர்காலத்துக்காகப் பொதுக்குழாயை அடைப்போம். கடைசியில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஹினெக்கின் குளத்தைப் பம்பு போட்டு இறைத்து மீன் பிடிப்போம். ஒருமுறை குபாத் தொப்பியோடு உள்ளே விழுந்தார். அப்புறம் தொத்திறைச்சி சுட்டு, பியர் குடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு வாளியோடு டிராமில் ஏறி நான்கு மாடிக்கும் வரிசையாகக் கைமாற்றி ஏற்றிவிடுவோம். முப்பத்தொரு வருஷமாக அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு நாள் முன்போ பின்போ மீன் வெளியே வந்ததில்லை. குளிர் எங்கள் நோட்டீஸ் பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்தச் செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாளே டாக்மரோடு வேலை செய்கிறவள் கையில் கொதிக்கும் சாற்றைக் கொட்டிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டாள். இரண்டு பேர் வேலை டாக்மர் தலையில் விழுந்தது. ஐந்து மணிக்கு வருவாள், குளத்தில் கையை விட்டுப் பார்ப்பாள், போய்விடுவாள். என்னோடு வம்புக்குக்கூட நிற்கவில்லை. இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது, தண்ணீர் பதினைந்துக்கு இறங்கியது. நானும் மிலுஷ்காவும் செவ்வாய்க்கிழமை கிளாட்டோவியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் காளான் பொறுக்கப் போய்விட்டோம். மகள் வீட்டில் டிவி கிடையாது. வெள்ளிக்கிழமை அங்கேயும் குளிர் கடித்தது. நான் என் மிளகாய்ச் செடியை நினைத்துக் கவலைப்பட்டேன். மீன் என் நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்வானேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர் திரும்பி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். பூசணி இலை எல்லாம் கறுத்துத் தொங்கின. வேலி நிழலில் புல் இன்னும் வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கம் டாக்மர் ஹினெக்கின் நீள ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு குளத்துக்குள் நின்றாள். கையில் வலை. கரையில் ஈரத் துணி விரித்து அதன்மேல் மீன்கள். எல்லாம் செத்தவை. பக்கவாட்டில் படுத்து, வாய் திறந்து, நிறம் எல்லாம் போய்ச் சாம்பலாகக் கிடந்தன. குட்டிகள் எண்ண முடியாத அளவு.

தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். ஏழு.

எனக்குக் கோபம் வந்தால் யார்மேல் என்று பார்க்கத் தெரியாது. "ஏம்மா, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? குபாத்தக் கூப்பிட்டிருக்கலாம், எங்கள வரச் சொல்லியிருக்கலாம். பதினஞ்சு பேர் இருக்கோமே காலனியில, எல்லாரும் செத்தா போயிட்டோம்?" என்று கத்தினேன். "வானிலை பாக்கலயா நீ?"

அவள் வலையைக் கீழே விட்டாள்.

"பாத்தேன் இவோ. புதன்கிழமையே சொன்னாங்க."

"என்னது?"

"புதன்கிழம ராத்திரிச் செய்தியில. நான் சமையலறை வாசல்ல சூப்புச் சட்டியோட நின்னுட்டிருந்தேன். ஹினெக் சோஃபாவுல தூங்கிட்டிருந்தான், டிவி அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. வெள்ளியிலேர்ந்து குளிரும், சனி ராத்திரி உறையும்னு தெளிவாச் சொன்னாங்க. கேட்டேன். கேட்டுட்டுப் போய் சூப்ப ஊத்தினேன்."

"தெரிஞ்சே விட்டியா?"

"தெரிஞ்சேதான். வியாழக்கிழம வந்து எடுத்திருக்கலாம். பம்பு ரெண்டு மணி நேரம் ஓடணும், வாளி ஆறு நட தூக்கணும். காலு ரெண்டும் எரிஞ்சுது. படுத்தேன். போகட்டும், இப்படியே முடிஞ்சா முடியட்டும்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் படுத்தேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "நேத்து சாயங்காலம் அழுதேன். ஆனா எந்திரிச்சு வரல."

திட்ட வார்த்தை வாயில் தயாராக இருந்தது, ஆனால் அந்தக் கால்களைப் பார்த்ததும் வெளியே வரவில்லை.

"அவனும் ரெண்டு மூணு நாளாத் தண்ணி எத்தனைன்னு கேக்கல" என்றாள். "உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். கேக்காம இருந்தது எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு."

அப்போது அவள் பூட்ஸுக்குப் பக்கத்தில், அல்லி இலைக்கு அடியில் ஏதோ அசைந்தது. குனிந்தாள். கல்லிடுக்கில் பெரிய மீன் ஒன்று நேராக நின்றபடி செவுளை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"ஐயோ, இதுங்க ஏன் சாகல?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் சொன்னதல்ல. விழுந்து படுக்கலாம் என்று கட்டிலில் உட்காரும்போது யாரோ வாசல் மணி அடித்தால் எப்படி எழுந்து போவோமோ, அப்படி ஒரு குரல். ஆனால் சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டாள். முழங்கைவரை அந்த ஏழு டிகிரித் தண்ணீரில் விட்டு, வலைகூட வேண்டாம் என்று, வெறும் கையால் ஒவ்வொன்றாக அள்ளினாள். விரல்கள் சிவந்து விறைத்துப்போயின. நான் வாளியைப் பிடித்தேன். ஏழு கிடைத்தன. நாலு பெண், மூணு ஆண். வாளியைத் தோட்டத்துக் குடிசைக்குள் வைத்து, கெட்டிலில் சுடவைத்த தண்ணீரைக் குளத்துத் தண்ணீரோடு கலந்து, ஒரு கரண்டி, கொஞ்ச நேரம், இன்னொரு கரண்டி என்று இரண்டு மணி நேரம் ஊற்றினாள். சூப்பைப் பதம் பார்ப்பதுபோல் கையாலேயே பார்த்தாள். நான் திராட்சைப் புதருக்கு அடியில் குழி வெட்டிச் செத்தவற்றைப் புதைத்தேன்.

"எண்ணாத" என்று உள்ளிருந்து சத்தம் கொடுத்தாள்.

நான் எண்ணவில்லை.

"ஹினெக்கிட்ட சொல்லிடாத இவோ. வானிலை எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்."

"சரி."

"சத்தியமா."

"அட, சரிங்கறேன்ல."

வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அந்த வளைவில், என்னை அறியாமல், தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நான்கு மாடியும் ஏறி வாசலில் வந்து நின்றால், அந்த நேரத்திலும், "ஷூவக் கழட்டு" என்றாள் டாக்மர். கழற்றிவிட்டுக் கிழிந்த செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

ஹினெக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலை ஆறு மணிக்கு அவள் கிளம்பியதிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறேன், ரொட்டியைத் தொடக்கூட இல்லை. வாளியைத் திறந்து காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"ஏழு" என்றான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "ஏழு போதும்" என்றான். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சுடுதண்ணீரில் குளிக்கப் போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவன் என் முழங்கையைப் பிடித்தான்.

"இவோ, எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?" இவளுடைய ரகசியம் அதற்குள் வெளியே வந்துவிட்டதா என்று பயந்துவிட்டேன்.

"குளிர் வரும்னு. புதன்கிழம செய்தியில சொன்னான். அவ சமையலறையில இருந்தா. நான் ரிமோட்ட எடுத்து சத்தத்தக் கொறச்சேன். அவ காதுல விழக் கூடாதுன்னு. அப்புறம் கண்ண மூடித் தூங்கற மாதிரி கெடந்தேன்."

"ஏன்டா?"

"சொன்னா அவ மறுநாளே ஓடுவா. அந்தக் காலோட. ஆறு நட. நிறுத்துன்னு சொல்ல எனக்குத் துப்பில்ல. குளிர் வந்து நிறுத்திட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இனிமே அவ பாட்டுக்குக் கரையில உக்காரட்டும்னு." அவனுடைய கண்ணில் தண்ணீர் முட்டியது. முப்பத்தொரு வருஷ நோட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான். "இன்னைக்குக் காலையில அவ பூட்ஸ மாட்டிட்டு ஓடினதப் பாத்தப்பதான் என்ன பண்ணிட்டேன்னு எனக்கு ஒறைச்சுது. இப்பப் பாரு, ஏழ எடுத்துட்டு வந்து நிக்கறா. அவ்வளவு ஆசையா வெச்சிருந்தத நான் கொன்னுட்டேன்டா. அவகிட்ட சொல்லிடாத."

இதைக் கேட்டதும் அந்த வாளியை இவன் தலையில் கவிழ்க்கலாமா, குளியலறைக் கதவை உதைத்து அவளை வெளியே கூப்பிடலாமா என்று எனக்குப் பொங்கியது. அவளிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று, இப்போது இவனும் அதையே கேட்கிறான். "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடிதான்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். கிழிந்த செருப்போடு இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் ஷூவை மறந்தது தெரிந்தது. மறுபடி ஏறினேன்.

குளிர்காலம் முழுக்க இதைச் சுமந்தேன். இரண்டு வாளியைவிட இது கனம். மிலுஷ்காவிடம் சொன்னபோது அவள் இந்த முறை மூக்கை நீட்டாதே என்று சொல்லவில்லை. "பாவிங்க" என்றாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெண் மீன்கள் குட்டி போட்டன என்று ஹினெக் போன் பண்ணிச் சொன்னான். குரலில் உற்சாகம் காட்டப் பார்த்தான். டாக்மர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது, "ஹினெக் ரொம்ப சந்தோஷமா இருக்கான், அதுக்காகத்தான் பாக்கறேன்" என்றாள். தினமும் தொட்டி கழுவுகிறாளாம்.

பனிப் புனிதர்கள் போனார்கள், சோஃபியா நாளும் போனது. மறுநாள் நான்கு மணிக்கு நான் வாசலில் தக்காளி நட்டுக்கொண்டிருந்தேன். டிராம் வந்து நின்றது. டாக்மர் இறங்கினாள். ஒரே ஒரு வாளி. அதையும் நாலடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, கை மாற்றிக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து போய் குளக்கரைக் கல்லில் உட்கார்ந்தாள். வம்புக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த முதுகைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"நாப்பத்தி மூணு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவனுக்குத்தான்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலி தாண்டிப் போனேன். "டாக்மர், நான் சொல்லப்போறதுக்கு அப்புறம் நீ என்னோட பேசாட்டியும் பரவாயில்ல. அன்னைக்கு ஹினெக் தூங்கல."

"என்னைக்கு?"

"புதன்கிழம. செய்தி அவனும் கேட்டான். உன் காதுல விழக் கூடாதுன்னு சத்தத்தக் கொறச்சுட்டு, கண்ண மூடிட்டுக் கெடந்தான். உன் காலு ஓயட்டும், குளிர் வந்து இத முடிச்சு வைக்கட்டும்னு. நீ ஏழு மீனோட வந்து நின்னதும் உன் உசுரயே எடுத்துட்டதா நெனச்சு அழுதான்."

அவள் வாளி மூடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "சத்தம் திடீர்னு கொறஞ்சுது" என்றாள். "ரிமோட் அவன் முதுகுக்கடியில மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். சூப்ப ஊத்தி வெச்சுட்டு அவன எழுப்பினேன் இவோ. தோளத் தொட்டு எழுப்பினேன். கண்ணக் கசக்கிட்டு எந்திரிச்சான்."

நான்கரை மணி ஆகியிருக்க வேண்டும். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"தண்ணி எத்தனை?" அவன் குரல் எனக்கும் கேட்டது.

அவள் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. "ஹினெக், அந்தப் புதன்கிழம நானும் வாசல்ல நின்னு கேட்டுட்டேன். சத்தத்த நீ கொறைக்கறதுக்கு முன்னாடியே. கேட்டுட்டுத்தான் போகாம படுத்தேன்" என்றாள்.

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்புறம், நாலு மாடிக்கும் மூட்டையைச் சுமந்து ஏறியவன் இறக்கி வைக்கும்போது விடுவானே, அப்படி ஒரு மூச்சு கேட்டது.

"அப்பாடா" என்றான் ஹினெக்.

டாக்மர் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "இப்ப நாப்பத்தி மூணு மீன் வாளியில இருக்கு, அத என்ன பண்றது?" என்று கேட்டாள். அடுத்த டிராமுக்கு அரை மணி நேரம் இருந்தது, தண்ணீர் பதினெட்டு டிகிரி இருந்தது. அவள் வாளியைச் சாய்த்து மெதுவாகக் குளத்தில் விட்டாள். மீன்கள் ஒரு கணம் கும்பலாக நின்றுவிட்டுப் பாசிக்குள் போய்விட்டன.

"விட்டுட்டேன்" என்றாள் போனில். "பாசிய அதுங்களே திங்கட்டும், நான் சுத்தப்போறதில்ல. நாளைக்கு நீ நாலரைக்குப் போன் பண்ணினா எடுக்க மாட்டேன், உக்காந்திருப்பேன். இன்னொண்ணு, செப்டம்பர்ல செய்தியச் சத்தமா வை."

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டாள். நான் என் தக்காளிக்குத் திரும்பினேன், இன்னும் ஒன்பது நாற்று பாக்கி இருந்தது.